கிலோமீட்டருக்குப் பூஜ்யம்

மின்காரில் போனால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் ஆகாது என்று மின்பயண ஊக்க முகமை அறிவித்தது. அறிவித்ததோடு தன் வேலையை முடித்துக்கொண்டு, அதை உண்மையாக்கும் வேலையை வண்டி வாங்கியவர்களிடம் விட்டுவிட்டது.

மாநில எல்லையில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் விஜயபுரம் மண்டலத்தில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவன் தனசேகர். ஸ்ரீ சிட்டியில் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளன். வயது நாற்பத்திரண்டு. நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டமாட்டான். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை இந்தக் கதை கெடுக்கப்போகிறது என்பதில் எனக்கும் வருத்தம்தான்.

அதுவரை அவன் கம்பெனி பஸ்ஸில் காசு கொடுக்காமல் வேலைக்குப் போய் வந்தான். காசே கொடுக்காமல் போவதைவிடக் குறைந்த செலவில் போகலாம் என்று முகமையின் உதவி இயக்குநர் ஆதிநாராயணன் மண்டல அலுவலக முகாமில் ஒரு மணி நேரம் பேசி அவனை நம்பவைத்தார். சென்னையில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற காரை தனசேகர் வாங்கினான். முன்பணம் கட்டப் பதினெட்டாயிரம் துண்டு விழுந்தது. அவன் அப்பா கன்னையா இறந்துபோனதிலிருந்து இரண்டு வருடமாகத் தரிசாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று சும்மா இருந்தது. அதை விற்றான்.

மோட்டார் போனாலும் மோட்டாருக்கென்று அரசாங்கம் கொடுத்த இலவச மின்சாரம் போகவில்லை. பகலில் ஒன்பது மணி நேரம் அது கொல்லையிலிருந்த காலி மோட்டார் கொட்டகைக்கு ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் சார்ஜ் போட்ட முதல் நாள் தெருவில் ஏழு வீட்டுக்கு ஃபேன் நின்றது. தனி மீட்டருக்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். போட்டான். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக வாரம் ஒருமுறை செய்தி வந்தது. பரிசீலனையை ஊற்றி வண்டி ஓட்ட முடியாததால் புத்தூரில் முகமை வைத்திருக்கும் சார்ஜ் நிலையத்துக்குப் போனான்.

அங்கே முதலில் செல்போனில் ஒரு செயலியை ஏற்றவேண்டும். செயலியில் ஐந்நூறு ரூபாய் போடவேண்டும். யூனிட் இருபத்தொரு ரூபாய், அதற்கு மேல் வரி. சார்ஜ் முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் வண்டியை எடுக்காவிட்டால் காத்திருப்புக் கட்டணம். முடியும்வரை ஓட்டுநர் காத்திருப்பதற்குக் கட்டணம் இல்லை. அது இலவசச் சேவை என்று பலகையில் எழுதியிருந்தது. முதல் நாள் தனசேகர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சார்ஜ் முடிந்துவிட்டது. அந்த டீக்கு நாற்பத்தெட்டு ரூபாய் ஆனது.

மாதக் கடைசியில் கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று செயலி கேட்டது. தனசேகர் கணக்குப் பார்த்து மூன்று ரூபாய் எண்பது காசு என்று பதிந்தான். செயலியில் சிவப்பு எழுத்து வந்தது: ‘உங்கள் செலவு அதிகமாக உள்ளது. சரிபார்க்கவும்.’ மறுநாள் முகமையிலிருந்து ஸ்ரீதேவி என்ற பெண் கூப்பிட்டாள்.

“தனசேகர் காரு, மூணு எண்பது வருதண்டி. ஏசி போடறீங்களா?”

“இல்லம்மா.”

“கண்ணாடி எறக்கறீங்களா?”

“ஏசி போடலன்னா எறக்கித்தானே ஆகணும்.”

“எறக்கினா காத்து புடிச்சு இழுக்கும், செலவு ஏறும். ஏத்தி வெச்சுகினு ஓட்டுங்க. உங்க எடை எவ்ளோ?”

“எழுபத்தாறு.”

“அதுலயும் கொஞ்சம் பாருங்க சார்.”

அன்று காலை மனைவி காஞ்சனா சோறு போட்டபடியே கேட்டாள். “கம்பெனி பஸ்ஸுக்கு எவ்ளோ குடுத்துகினு இருந்தீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“இப்போ?”

அவன் குழம்புக்குத் தட்டை நீட்டினான்.

“ஊக்கம் குடுக்கறவங்ககிட்ட போதும்னு சொல்லுங்க,” என்றாள் அவள். “இதுக்கு மேல தாங்காது.”

ஊருக்கெல்லாம் ஒரு ரூபாய் என்று சொல்லி வைத்தவன் அவன். அவமானம் மனிதனை இரண்டு பக்கமும் தள்ளும். சிலரைக் கோயிலுக்கு, சிலரைக் கொட்டகைக்கு. தனசேகர் கொட்டகைக்குப் போனான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ப்ளக் வைத்தான். ராத்திரி ஷிப்ட் முடித்து காலை ஏழரை மணிக்கு வந்து காரை அந்தத் தரிசுக் கொல்லையில் நிறுத்தி, ஒயரைச் சொருகிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. இலவசம் என்று எழுதியிருப்பதை எடுத்தால் திருட்டு இல்லை என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் செயலி செலவு கேட்டது. காசு எதுவும் கொடுக்கவில்லையே, பூஜ்யம் என்று பதிந்தான். பச்சை எழுத்தில் பாராட்டு வந்தது.

அவன் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லை பச்சையம்மாளுடையது. உடையது என்பது தவறு. குத்தகை. ஐம்பது வயதில் தனி ஆளாக ஒரு ஏக்கர் வேர்க்கடலை போட்டிருந்தாள். அவள் கிணற்று மோட்டாரும் அவன் கொட்டகையும் ஒரே டிரான்ஸ்பார்மர். அவள் கிணற்றுக்கும் அவன் கொட்டகைக்கும் நடுவில் நாற்பது அடி இருக்கும்.

கார் வந்து நிற்க ஆரம்பித்ததும் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டாள். மேலே ஏறிய ஆடுகளை விரட்டினாள். ஒருநாள் அவன் தூங்கி எழுந்து வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தரையில் இருந்த சார்ஜர் பெட்டி மேல் ஒரு கோணிப்பை போர்த்தி, பறக்காமல் இருக்க அதன்மேல் கல்லும் வைத்திருந்தது.

“கரண்டு சாமான் நனைஞ்சா கெட்டுடும் தம்பி,” என்றாள். “நீ அசந்து தூங்கிகினு இருப்பன்னு நான்தான் மூடினேன். ஒயரு ரொம்ப சூடா கீது, இன்னான்னு பாரு.”

“பாக்கறேங்க்கா,” என்றான். பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பச்சையம்மாளின் மோட்டார் எரிந்தது. உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பிக் காயில் கருகிய நாற்றம் தனசேகர் கொட்டகைவரை வந்தது. மண்டலத்து லைன்மேன் கோவர்த்தனன் வந்து கம்பத்தைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், பிறகு காரைப் பார்த்தான். தனசேகரைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மூணு பேஸ் கம்பியிலயும் கரண்டு சமமா வந்தாத்தான் மோட்டாரு ஓடும். நீ ஒரே பேஸ்ல தினமும் ஆறு மணி நேரம் காரைத் தொங்கவிட்டுகினு கீற. முக்காலியில ஒரு கால அறுத்துட்டு, உக்காருன்னா? அந்தம்மா மோட்டாரு உக்காந்துச்சு.”

தனசேகர் பச்சையம்மாள் பக்கம் பார்த்தான். “அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“நான் எதுக்கு சொல்றேன். வோல்டேஜ் கொறைச்சல்னு சொல்லிட்டேன். வோல்டேஜ்னா யாரும் யாரையும் திட்டமாட்டாங்க.”

பச்சையம்மாள் கிணற்று மேட்டில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “காய் புடிக்கிற சமயம் தம்பி,” என்றாள் அவனைப் பார்த்ததும். “ஒரு வாரத்துல தண்ணி விடலன்னா எல்லாம் பருப்பில்லாம பொக்காப் போயிடும். மோட்டாருக்குப் புதுசா காயில் கட்ட ஆறாயிரத்து எண்ணூறு கேக்கறான். வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கியாவது பொரட்டணும். எங்க கெரகம், இந்த ஊரு வோல்டேஜு.”

தனசேகர் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்து அவன் பிறகு பல நாள் கூசினான். ப்ளக்கைப் பிடுங்கினான். ஆனால் நாற்பது அடி நடந்து போய் நான்தான் என்று சொல்ல அவனால் முடியவில்லை. அதனால் அறுபது கிலோமீட்டர் போய்ச் சொல்லலாம் என்று முடிவு செய்தான். திருடிய மின்சாரத்துக்குப் பணம் கட்டிவிட்டால் ரசீது கிடைக்கும், ரசீதோடு போனால் அந்த அம்மாளிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து தூங்காமல், புத்தூரில் சார்ஜ் போட்டுக்கொண்டு திருப்பதி போனான். மன்னிப்புக் கேட்கப் போகும் செலவு கிலோமீட்டருக்கு மூன்று எண்பது.

முகமை அலுவலக வாசலில் நான்கு சார்ஜ் கம்பங்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. அவற்றின் நிழலில் அலுவலக டீசல் ஜீப் நின்றது. ஆதிநாராயணன் அவனைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்தார்.

“ரண்டி ரண்டி, வாங்க. பூஜ்யம் தனசேகர் நீங்கதானா?”

“சார், அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பூஜ்யம் தப்பு. அது ஓசிக் கரண்டு. விவசாயத்துக்குக் குடுத்தது.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பூஜ்யம் வேற எங்கிருந்து வரும் சார்? மழையிலயா?” அவர் சிரித்தார். “எங்களுக்கு வேண்டியது எண். அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கற கட்டம் எங்க படிவத்துல இல்ல.”

“என்னால ஒரு அம்மா மோட்டார் எரிஞ்சுபோச்சு சார். எடுத்த கரண்டுக்குக் காசு கட்டிடறேன்.”

ஆதிநாராயணன் கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார். “இந்த வட்டாரத்துல மாசாமாசம் செலவு பதியறவங்க ரெண்டே பேரு. இன்னொருத்தர் வீட்டு மேல சோலார் வெச்சவரு, அவருக்கு ஒண்ணு தொண்ணூறு. உங்க பூஜ்யத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தா தொண்ணூத்தஞ்சு காசு. ஒரு ரூபாய்க்குள்ள வந்துடுச்சு. தலைநகரம் அமராவதிக்கு அனுப்பிட்டோம். நீங்க இப்போ காசு கட்டினா சராசரி எங்க போய் நிக்கும்?”

“எங்க நின்னாலும் அதானே சார் உண்மை?”

“இன்னொண்ணு பாருங்க. இலவசத்துக்கு ரசீது போட முடியாது. போட்டா அது இலவசம் இல்ல. இலவசம் இல்லன்னா அரசாங்கம் பொய் சொன்னதா ஆகும். உங்க ஒருத்தர் மனசாட்சிக்காக ஒரு அரசாங்கத்தைப் பொய்யாக்கறது தர்மமா?”

தனசேகர் அதற்கு மேலும் உட்கார்ந்திருந்ததால், கொல்லை இருப்பது சித்தூர் மாவட்டம், அங்கே கேளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது வெயிலில் மலை தெரிந்தது. வழக்கமாக வண்டியிலிருந்தே கும்பிடுவான். அன்று கை எழவில்லை. எடுத்ததற்குச் சமமான தொகையை மலைக்குப் போய் உண்டியலில் போட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. எரிந்தது ஏழுமலையான் மோட்டார் இல்லை என்று அவனுக்கே தோன்றியதால் வண்டியைத் திருப்பினான்.

புதன்கிழமை சித்தூர் போனான். அங்கிருந்த அதிகாரி சீட்டை இரண்டு முறை படித்தார். கரண்டு ஏறியது எங்கள் மாவட்டத்தில்தான், ஆனால் கார் ஓடியது திருப்பதி மாவட்டத்தில், வண்டி ஓடினால்தான் கரண்டு செலவாகிறது, ஆகவே செலவு அவர்களுடையது என்று விளக்கினார். ஏறிய கரண்டு ஓடாமல் வண்டியிலேயே இருந்தால் நாங்கள் நடவடிக்கை எடுப்போம் என்றும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் ஸ்ரீதேவி கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை திருப்பதியில் விழா. அவனுக்குப் பூஜ்யச் செலவு விருது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். மேடை என்றால் மைக் இருக்கும், நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று தோன்றியது. சரி என்றான். அன்று சாயங்காலம் பச்சையம்மாள் பயிரின் ஓரத்து இலைகள் மடங்கியிருந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு வழியாக வீட்டுக்குப் போனான்.

விழா மண்டபத்தில் மின்சாரம் இல்லை. வெளியே டீசல் ஜெனரேட்டர் ஓடியது. பார்வைக்கு வைக்க ஒரு மின்கார் லாரியில் வந்து இறங்கியது. மேடையில் தெர்மாகோலில் செய்த ஆள் உயரப் பூஜ்யம் ஒன்று, சாமந்திச் சரம் சுற்றி, நின்றது.

முகமைத் தலைவர் பேசினார். “உலகத்துக்குப் பூஜ்யத்தைக் கொடுத்த நாடு நம் நாடு. இன்று விஜயபுரம் மண்டலம் அதை நமக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. எனக்கும் முகமை ஒரு மின்கார் கொடுத்திருக்கிறது. மூன்று வருடமாக அதில் சார்ஜ் நூறு சதவீதமாகவே இருக்கிறது. பொதுமக்கள் பணத்தில் வந்த மின்சாரத்தை ஒரு துளி நான் வீணாக்கியதில்லை. தினமும் டீசலிலேயே வந்து போகிறேன். தியாகம் மேலிருந்து தொடங்கவேண்டும்.”

கைதட்டினார்கள். தனசேகருக்கு ஜரிகைக் கரை போட்ட சால்வை போர்த்தினார்கள். பூஜ்யத்துக்குள் தலையை விட்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். தலையை எடுத்த பிறகு மைக்கைக் கொடுத்தார்கள்.

தனசேகர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “நான் செலவே பண்ணலன்னு சொல்றது தப்புங்க,” என்றான். “செலவு பண்ணது எங்க பக்கத்துக் கொல்லை பச்சையம்மா. அவங்க மோட்டாரு என்னால எரிஞ்சுது. அவங்க கடலை இப்போ காஞ்சுகினு கீது. இந்த சால்வைக்கு எனக்கு யோக்கியதை இல்ல.”

ஆதிநாராயணன் மைக்கை மெல்ல வாங்கி, தமிழ் தெரியாதவர்களுக்காகத் தெலுங்கில் சொன்னார்: இந்த வெற்றி தன்னுடையது அல்ல, விவசாயப் பெருமக்களுடையது என்கிறார். என்ன பணிவு பாருங்கள். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். தமிழ் தெரிந்தவர்களும் தட்டினார்கள்.

இறங்கும்போது ஆதிநாராயணன் அவன் தோளைப் பிடித்தார். “அந்தம்மா பேரையும் ஆதார் நம்பரையும் எழுதிக் குடுங்க. அடுத்த வருஷம் துணைப் பூஜ்யம்னு ஒரு விருது கொண்டு வரலாம்.” காரின் பின்கண்ணாடியில் யாரோ அதற்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ‘என் செலவு பூஜ்யம்.’

அவன் வீடு சேர்வதற்குள் பூஜ்யத்துக்குள் தலை விட்ட படம் தெருவில் எல்லார் போனுக்கும் வந்திருந்தது. காஞ்சனா அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “இத எங்கிட்ட சொல்றீங்க. அவங்ககிட்ட?” என்றாள்.

சனிக்கிழமை காலை அவன் கொல்லைக்குப் போனான். பச்சையம்மாள் கிணற்றிலிருந்து குடத்தில் சேந்தி, ஓரத்து வரிசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ஏக்கருக்குக் குடத்தால் தண்ணீர். நான்கு வரிசை நனைந்திருந்தது.

“பணம் கெடைக்கல தம்பி,” என்றாள். “திங்கக்கிழம குடுக்கறேன்னு ஒருத்தரு சொல்லிக்கினு கீறாரு. அதுவரைக்கும் இதுங்க உசுரு நிக்கட்டும்னு.”

அவன் நாற்பது அடியை நடந்தான். வரப்பில் நின்று சொன்னான். ப்ளக் வைத்தது, ஒயர் சூடானது, லைன்மேன் சொன்னது, தலையை ஆட்டிவிட்டுப் போனது, ஒன்றையும் விடவில்லை. திருப்பதிக்கும் சித்தூருக்கும் போனதையும் மேடை மைக்கில் பேசியதையும்கூடச் சொன்னான்.

பச்சையம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்து வெகுநேரம் ஆகியும் துடைத்தாள்.

“திருப்பதியில சொன்ன,” என்றாள். “சித்தூர்ல சொன்ன. மைக்ல கூட சொன்ன. எனக்கு மட்டும் கடேசியா சொல்ற.”

அவன் வரப்பிலிருந்து கீழே இறங்கினான்.

“ஒயரு சூடா கீதுன்னு அன்னிக்கே சொன்னேன். நான் ஒரு கோணிய வேற எடுத்து மூடினேன் பாரு.” அவள் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் ஒருமுறை குலுங்கியது. திரும்பியபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

“உன் கார்ல மோட்டாரு புடிக்குமா?”

“புடிக்கும்க்கா.”

“அப்போ நின்னுகினு இன்னா பண்ற? புத்தூர் கடைய பத்து மணிக்கு தொறப்பான். இன்னிக்கே கட்டி வாங்கினா நாளைக்கி தண்ணி விடலாம்.”

இரண்டு பேருமாக மோட்டாரைக் கழற்றித் தூக்கி வந்தார்கள். கருகிய எண்ணெய் சொட்டியது. பின்கதவைத் திறந்ததும் பச்சையம்மாள் தயங்கினாள். “உள்ள எல்லாம் வெள்ளையா கீதே. கற புடிக்கும். இரு, கோணிய எடுத்துகினு வரேன்.”

தனசேகர் பின்சீட்டிலிருந்த சால்வையை எடுத்து விரித்தான்.

“ஜரிக போட்டது தம்பி. பாழாப் போயிடும்.”

“போவட்டும்க்கா.”

மோட்டாரை அதன்மேல் இறக்கினார்கள். பச்சையம்மாள் சால்வையின் தொங்கிய முனைகளை மோட்டார் மேல் மடித்துச் சொருகினாள். பள்ளத்தில் குதித்து இடிபடாமல் இருக்கட்டும் என்றாள். கதவைச் சாத்தும்போது ஸ்டிக்கரைப் பார்த்து, “இது இன்னா எழுதிகீது?” என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். புத்தூர்வரை அவள் அவனிடம் பேசவில்லை. ஊர் எல்லையில் மட்டும், “வேப்பமரத்துக்கிட்ட பள்ளம், பாத்துப் போ,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாய்ந்தது. நடு வரிசைகள் தப்பின. மேட்டுப் பக்கம் கொஞ்சம் போய்விட்டது. அதற்கும் அறுவடையில் பார்த்துக் கொடுப்பதாக அவன் சொன்னான். பார்க்கலாம் என்றாள். அவன் மறுபடி கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தான். கார் மண்டலத்தில் யாருக்காவது மோட்டாரோ உடம்போ கெட்டுப்போனால் எடுக்கப்பட்டது.

அந்த மாதக் கடைசியில் செயலி செலவு கேட்டது. தனசேகர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கணக்குப் போட்டான். புத்தூர் சார்ஜ், திருப்பதி, சித்தூர், விழாவுக்குப் போய் வந்தது, காயில் கட்டிய ஆறாயிரத்து எண்ணூறு, எல்லாவற்றையும் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்து, வந்த எண்ணைப் பதிந்தான். சிவப்பு எழுத்து வந்தது.

‘உங்கள் செலவு அதிகமாக உள்ளது. சரிபார்க்கவும்.’

அவன் மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.